உயர்த்தப்பட்ட பழைய பிக்கப் வண்டிகளின் அதிர்வடக்கிகள்

அதிர்வடக்கி என்பது ஊர்தியின் அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையே பொருத்தப்பட்டு, விற்களின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஆகும். பட்டறைகளிலும் கடைகளிலும் இது ஷாக் அப்சார்பர் என்றே அறியப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் 1970கள் முதல் 1990கள் வரை வெளிவந்த நான்கு சக்கர இயக்கப் பிக்கப் வண்டிகளை, பெரிய டயர்களைப் பொருத்துவதற்காகவும் கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்காகவும் உயர்த்திக்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையிலான தொலைவை மாற்றி உயர்த்தப்பட்ட வண்டிக்கு ஆலையில் பொருத்திய அதிர்வடக்கி பெரும்பாலும் பொருந்துவதில்லை. எனவே உயர்த்துவோர் புதிய அதிர்வடக்கிகளையும் வாங்க வேண்டியவராகின்றனர்.

இவை வழக்கமாக "2 முதல் 3 அங்குலம் வரை", "4 அங்குலம்" என்றவாறு வண்டி உயர்த்தப்பட்ட அளவைக் கொண்டு பட்டியலிடப்பட்டு விற்கப்படுகின்றன. பட்டியல் ஒரு தொடக்கமே. வண்டி எவ்வளவு உயர்த்தப்பட்டது என்பதைவிட எந்த முறையில் உயர்த்தப்பட்டது என்பதும், வண்டியிலேயே அளந்தறியும் நீளங்களுமே சரியான தேர்வைத் தீர்மானிக்கின்றன. தவறான நீளமுடைய அதிர்வடக்கி தன் பொருத்துமுனையை முறித்துக்கொள்ளும். சில வேளைகளில் சட்டகத்தில் உள்ள தாங்கியையே பெயர்த்துவிடும். தவறான அடக்குவிசை உடையது, ஏற்கெனவே ஈர்ப்பு மையம் உயர்ந்துவிட்ட ஒரு வண்டியை மேலும் நிலையற்றதாக்கும்.

பெயரும் பணியும்

ஷாக் அப்சார்பர் என்னும் பெயர் சற்றுப் பிழையானது. சாலையிலிருந்து வரும் அதிர்ச்சியை ஏற்பது வில்லே. ஏற்ற ஆற்றலை வில் மீண்டும் வெளிவிடும்போது வண்டி மேலும் கீழுமாக ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றித் தணிப்பதே இக்கருவியின் பணி. பொறியியலாளர் இதனை டாம்பர் என்று அழைப்பதும் இதனாலேயே ஆகும். இக்கட்டுரையில் அதிர்வடக்கி என்னும் சொல் கையாளப்படுகிறது.

இதன் உள்ளே எண்ணெய் நிரம்பிய உருளையும், அதனுள் நகரும் பிஸ்டனும் உள்ளன. பிஸ்டனில் உள்ள சிறு துளைகளையும் அவற்றை மூடிய மெல்லிய எஃகுத் தகடுகளையும் கடந்தே எண்ணெய் செல்ல இயலும். பிஸ்டன் விரைவாக நகரும்போது எதிர்ப்பு மிகும். நகராதபோது எதிர்ப்பு இல்லை. ஆகவே அதிர்வடக்கி வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. உயரத்தைத் தருவதும் இல்லை.

வளிமம் அடைக்கப்பட்ட அதிர்வடக்கி வண்டியை உயர்த்தும் என்றொரு கருத்து நிலவுகிறது. இது எவ்வளவு உண்மை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 14 மிமீ விட்டமுள்ள பிஸ்டன் தண்டின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 154 சதுர மிமீ. உள்ளே 25 பார் அழுத்தத்தில் நைட்ரஜன் இருப்பின் தண்டை வெளித்தள்ளும் விசை சுமார் 385 நியூட்டன், அதாவது 39 கிலோகிராம் எடைக்கு ஈடானது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 35 நியூட்டன் தேவைப்படும் வில்லின் மீது இவ்விசை 11 மிமீ உயர்வையே தரும். தொய்ந்துபோன வில்லை அதிர்வடக்கி கொண்டு நிமிர்த்த முயல்வது வீண்செலவு.

பின்னணி

மோட்டார் ஊர்திகளின் தொடக்க காலத்தில் விற்களின் ஆட்டத்தைத் தணிக்கத் தனிக் கருவி இருக்கவில்லை. அடுக்கப்பட்ட கமான் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே தணிப்பாக அமைந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் உராய்வு வட்டுகளைக் கொண்ட ட்ரூஃபோ-ஹார்ட்ஃபோர்டு அமைப்பு பரவியது. பின்னர் நெம்புகோலுடன் கூடிய நீர்ம அமைப்புகளும், அவற்றையடுத்து இன்று காணப்படும் குழல் வடிவ அமைப்புகளும் வந்தன. 1957இல் செருமனியின் பில்ஸ்டைன் நிறுவனம் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்காக வளிம அழுத்தம் கொண்ட ஒற்றைக்குழல் அதிர்வடக்கியைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1967இல் மெக்சிக்கோவின் பாகா கலிபோர்னியா தீவக்குறையில் டிகுவானாவிலிருந்து லா பாஸ் வரை முதன்முறையாக நடைபெற்ற நெடுந்தொலைவுப் பந்தயமும் அதன் பின்வந்த பாலைவனப் பந்தயங்களும், நீண்ட வீச்சும் வெப்பந்தாங்கும் தன்மையும் கொண்ட அதிர்வடக்கிகளின் வளர்ச்சிக்கு உந்துதலாக அமைந்தன.

இக்கட்டுரை குறிக்கும் வண்டிகளுள் நன்கு அறியப்பட்டது செவ்ரோலே நிறுவனத்தின் கே வரிசை. 1973 முதல் 1987 மாதிரி ஆண்டு வரை வந்த இவ்வரிசை, அதன் சதுர வடிவத்தால் ஸ்கொயர் பாடி என அழைக்கப்படுகிறது. முன்னும் பின்னும் திண்ம அச்சு, இரண்டிலும் கமான் பட்டை என்னும் எளிய அமைப்பே இவ்வண்டிகளை உயர்த்துவோர் விரும்பக் காரணம். டாட்ஜ் நிறுவனத்தின் டபிள்யூ வரிசை 1993 வரை இதே அமைப்பைக் கொண்டிருந்தது. டொயோட்டாவின் நான்கு சக்கர இயக்கப் பிக்கப், அமெரிக்காவில் 1979 முதல் 1985 வரை முன் திண்ம அச்சுடன் விற்கப்பட்டது. ஃபோர்டு எஃப்-150 வண்டியோ 1980 முதல் 1996 வரை, நடுவில் பிளவுபட்டு இரு கைகளாக அசையும் முன்னச்சையும் சுருள்விற்களையும் கொண்டிருந்தது. செவ்ரோலே 1988இல் அறிமுகப்படுத்திய அடுத்த தலைமுறையின் நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன் சக்கரங்கள் தனித்தனியே அசைகின்றன. அங்கு வில்லாகச் செயற்படுவது முறுக்குத்தண்டு.

உயர்த்தும் முறைகள்

ஒரே 3 அங்குல உயர்வு, முறையைப் பொறுத்து முற்றிலும் வேறான அதிர்வடக்கிகளைக் கோரும். ஒரு அங்குலம் 2.54 செமீ ஆகும்.

முதலில் நீக்கிவிட வேண்டியது உடற்கூட்டை மட்டும் உயர்த்தும் முறை. இதில் சட்டகத்துக்கும் வண்டியின் உடற்கூட்டுக்கும் இடையே கட்டைகள் வைக்கப்படுகின்றன. சட்டகத்துக்கும் அச்சுக்கும் இடையிலான தொலைவு சிறிதும் மாறுவதில்லை. எனவே ஆலை அளவிலான அதிர்வடக்கியே இதற்குப் பொருந்தும். பழைய வண்டியை உயர்த்திய நிலையிலேயே வாங்கியவர், அது எம்முறையில் உயர்த்தப்பட்டது என்று பாராமல் "3 அங்குல" அதிர்வடக்கியை வாங்கிவிடுவது அடிக்கடி நிகழும் தவறு. சில வண்டிகளில் இரு முறைகளும் கலந்திருக்கும்.

பின்னச்சுக்கும் கமான் பட்டைக்கும் இடையே கட்டை வைத்து, நீண்ட யூ போல்ட்டுகளால் இறுக்குவது மற்றொரு முறை. இதில் வில்லின் விறைப்பு மாறுவதில்லை. அதிர்வடக்கியின் நீளம் மட்டுமே மாற வேண்டும். அடக்குவிசை ஏறத்தாழ ஆலை அளவில் இருக்கலாம். 1973-1987 செவ்ரோலே வண்டிகளின் பின்புறத்தில் கமான் பட்டையைத் தாங்கும் தொங்குகண்ணியைத் திருப்பிப் பொருத்திச் சுமார் 4 அங்குலம் உயர்த்துவதும் விறைப்பை மாற்றாத முறையே. முன்னச்சில் கட்டை வைப்பது ஆபத்தானது. பிரேக் பிடிக்கும்போது அச்சு திரும்ப முயலும் விசை முழுவதும் அக்கட்டையின் மீது விழுவதால் அது நழுவக்கூடும்.

கூடுதல் பட்டை ஒன்றைச் செருகுவதும், மிகுதியாக வளைந்த புதிய கமான் பட்டைகளைப் பொருத்துவதும் விறைப்பை மாற்றுகின்றன. விலை குறைந்த பல தொகுதிகளில் உயரம் என்பது விறைப்பினாலேயே பெறப்படுகிறது. இவற்றுக்கு நீளத்துடன் அடக்குவிசையும் மாற வேண்டும்.

முறுக்குத்தண்டை முறுக்கி முன்புறத்தை உயர்த்துவது வேறு வகை. இதில் சக்கரத்தின் மொத்த அசைவு கூடுவதில்லை. கீழ்நோக்கி இறங்குவதற்கு இருந்த இடத்தை எடுத்து மேல்நோக்கிய இடத்துடன் சேர்ப்பதே நடக்கிறது. சக்கரம் சிறு பள்ளத்தில் இறங்கினாலே மேற்கை தன் எல்லையைத் தட்டும். அதிர்வடக்கியும் தன் முழு நீளத்துக்கு அருகிலேயே நிற்கும். இவ்வாறு 2 அங்குலத்துக்கு மேல் உயர்த்திய வண்டியில் எந்த விலையுயர்ந்த அதிர்வடக்கியும் முழுப்பயன் தராது.

நீளத்தை அளத்தல்

அதிர்வடக்கிக்கு மூன்று அளவுகள் உண்டு. முற்றும் அமுங்கியபோது உள்ளது மூடிய நீளம். முற்றும் இழுத்தபோது உள்ளது விரிந்த நீளம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வீச்சு எனப்படும். நீளங்கள் ஒரு பொருத்துமுனையின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை அளக்கப்படும். முனை வளையமாக இருப்பின் வளையத்தின் மையத்தையும், தண்டாக இருப்பின் தண்டின் அடியில் ரப்பர் அமரும் இடத்தையும் கொள்வது வழக்கம். பட்டியல்கள் எதனை எடுத்துக்கொண்டுள்ளன என்பதைக் கவனிக்காவிட்டால் ஓர் அங்குலத்துக்கு மேலும் பிழை நேரும்.

வண்டியில் அளக்க வேண்டியவையும் மூன்றே. சமதளத்தில், வழக்கமான சுமையுடன் வண்டி நிற்கும்போது இரு பொருத்துமுனைகளுக்கும் இடையிலான தொலைவு முதலாவது. அச்சுக்கும் அதற்கு மேலுள்ள ரப்பர் தடுப்புக்கும் இடையிலான வெளி இரண்டாவது. சட்டகத்தை உயர்த்தி, உறுதியான தாங்குகால்களில் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டபின் மீண்டும் அளக்கும் பொருத்துமுனைத் தொலைவு மூன்றாவது. வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கும்போது அதன் அடியில் செல்லலாகாது. உயர்த்தப்பட்ட வண்டியில் ஜாக்கி எட்டும் உயரமும் அது சரியும் வாய்ப்பும் அதிகம்.

முதல் அளவிலிருந்து இரண்டாம் அளவைக் கழித்து, ரப்பர் நசுங்குவதற்காக மேலும் ஓர் அங்குலம் கழித்தால், வாங்கக்கூடிய அதிர்வடக்கியின் மிகைமூடிய நீளம் கிடைக்கும். இதைவிட நீண்டதாக இருப்பின் ரப்பர் தடுப்புக்கு முன்பே அதிர்வடக்கி முட்டிக்கொள்ளும். வண்டியின் எடையும் வேகமும் சேர்ந்து அதன் தண்டின் மீது விழும். மூன்றாம் அளவுடன் அரை அங்குலமேனும் கூட்டினால் தேவையான விரிந்த நீளத்தின் கீழெல்லை கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு பயன்படும். நிற்கும் நிலையில் தொலைவு 20 அங்குலம், ரப்பர் தடுப்புக்கு உள்ள வெளி 4 அங்குலம், தொங்கும் நிலையில் தொலைவு 25 அங்குலம் எனக் கொள்வோம். மூடிய நீளம் 15 அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. விரிந்த நீளம் 25.5 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வீச்சு குறைந்தது 10.5 அங்குலம் தேவை. ஆனால் இத்தகைய அதிர்வடக்கி எளிதில் கிடைக்காது. ஏனெனில் மூடிய நிலையில் அதன் நீளம் வீச்சுக்கு மட்டுமன்றிப் பிஸ்டனுக்கும் முத்திரைக்கும் வளிம அறைக்கும் இரு பொருத்துமுனைகளுக்கும் இடம் தர வேண்டும். 10 அங்குல வீச்சுடைய ஒற்றைக்குழல் அதிர்வடக்கியின் மூடிய நீளம் 16 அங்குலத்தைத் தாண்டுவது இயல்பு.

தீர்வு அதிர்வடக்கியில் இல்லை. ரப்பர் தடுப்பில் உள்ளது. வண்டியை உயர்த்தும்போது அச்சுக்கும் தடுப்புக்கும் இடையிலான வெளியும் கூடிவிட்டது. தடுப்பின் அடியில் 2 அங்குலக் கட்டை வைத்து அதனைக் கீழிறக்கினால், மூடிய நீளத்தின் மேலெல்லை 17 அங்குலமாகிறது. இப்போது 16.3 அங்குல மூடிய நீளமும் 26.3 அங்குல விரிந்த நீளமும் உடைய ஒன்று தாராளமாகப் பொருந்தும். நிற்கும் நிலையில் மேல்நோக்கி 3.7 அங்குலமும் கீழ்நோக்கி 6.3 அங்குலமும் வீச்சு எஞ்சும். உயர்த்திய அளவுக்கே தடுப்பையும் இறக்கினால், மூடிய நீளம், விரிந்த நீளம் ஆகிய இரண்டும் ஒரே அளவில் கூடி, ஆலை அளவு வீச்சே போதுமானதாகிவிடும். உயர்த்தும் தொகுதிகளில் தடுப்புக் கட்டைகள் சேர்க்கப்பட்டிருந்தும், அவை பொருத்தப்படாமல் விடப்பட்ட வண்டிகள் பல. மேற்பொருத்துமுனையை சட்டகத்தில் உயர்த்தி வைப்பது இன்னொரு வழி. அதற்குப் பற்றவைப்பு தேவைப்படும்.

விரிந்த நீளம் மிகுதியாக இருப்பதும் நன்றன்று. ஆலை அதிர்வடக்கி பல வண்டிகளில் அச்சு மேலும் இறங்காதபடி தடுக்கும் எல்லையாகவும் செயற்பட்டது. அதனை நீளமான ஒன்றால் மாற்றியபின் அச்சு எதுவரை இறங்கும் என்பதை பிரேக் குழாய் தீர்மானிக்கும் நிலை வரலாம். சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, பிரேக் குழாய் இழுபடுகிறதா எனவும், இயக்கத்தண்டின் மூட்டுகள் இறுகுகின்றனவா எனவும் பார்க்க வேண்டும். இழுபட்டால் நீண்ட குழாய் பொருத்த வேண்டும், அல்லது நாடாப் பட்டையால் அச்சின் இறக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். திண்ம அச்சில் ஒரு சக்கரம் முழுதும் ஏறி மற்றது முழுதும் இறங்கும் நிலையே கடினமான சோதனை. சமமாக அளந்தபோது தோன்றாத மோதல்கள், அதிர்வடக்கி டயரையோ சட்டகத்தையோ உரசுவது உட்பட, அப்போது வெளிப்படும்.

அடக்குவிசை

வில்லின் விறைப்பும் அது தாங்கும் பொருண்மையும் தெரிந்தால், ஆட்டம் சற்றும் எஞ்சாமல் நிற்பதற்கான அடக்கெண்ணைக் கணக்கிடலாம். இது மாறுநிலை அடக்கம் எனப்படும். விறைப்பையும் பொருண்மையையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கினால் கிடைப்பது. சாலையில் செல்லும் ஊர்திகளில் இதன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கையாளப்படுகிறது. முழுவதும் கையாண்டால் சக்கரம் சாலையைப் பின்தொடர இயலாது, பயணமும் தாங்கவொண்ணாததாகும்.

முன்புறத்தில் ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோகிராம் பொருண்மையும், மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன் விறைப்பும் இருப்பின், அந்த மூலை வினாடிக்கு 1.3 முறை ஆடும். மாறுநிலை அடக்கம் மீட்டர்-வினாடிக்கு ஏறத்தாழ 8,370 நியூட்டன். அதன் முப்பது விழுக்காடு 2,510. உயர்த்துவதற்காக இட்ட புதிய வில் இருமடங்கு விறைப்புடையது எனில், தேவைப்படும் அடக்கம் 3,550 ஆகிறது. அதாவது 1.4 மடங்கு. கட்டை வைத்து உயர்த்திய வண்டிக்கு இது 1 மடங்கே. இரண்டும் "4 அங்குல" வண்டிகளே; ஒரே அதிர்வடக்கியை இரண்டிலும் பொருத்தினால் ஒன்றில் வண்டி மிதந்தாடும், அல்லது மற்றொன்றில் முதுகை உடைக்கும்.

விறைப்பான வில் மீளும்போதே மிகுந்த விசையுடன் தள்ளுகிறது. எனவே கூடுதல் அடக்கம் பெரும்பாலும் மீளும் திசையிலேயே வேண்டும். அமுங்கும் திசையில் அடக்கத்தைக் கூட்டினால் ஒவ்வொரு சிறு கல்லும் சட்டகத்துக்குக் கடத்தப்படும். நல்ல அதிர்வடக்கிகளில் மீளல் விசை அமுங்கல் விசையினும் தெளிவாக அதிகம்.

மற்றொரு காரணி அடிக்கடி மறக்கப்படுகிறது. பழைய கமான் பட்டைகளின் இடையே துருவும் உராய்வும் மிகுதி. அவை தாமே ஓரளவு ஆட்டத்தைத் தணிக்கின்றன. புதிய பட்டைகளின் முனைகளில் வழுக்குந் தகடுகள் இருக்கும். விறைப்பு ஒன்றே ஆயினும் உராய்வு குறைந்ததால் அதிர்வடக்கியின் வேலை கூடுகிறது. முன்பு ஓட்டைப் பொருளுடனும் சமாளித்த வண்டி, புதிய பட்டைகளுக்குப் பின் ஆடத் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

பெரிய டயர்களின் எடையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வண்டியின் உடல் வினாடிக்கு ஒரு முறை அளவில் ஆடும்போது, அச்சும் சக்கரமும் டயரின் மீது வினாடிக்குப் பத்து முறை அளவில் துள்ளுகின்றன. கனமான சக்கரத்தின் துள்ளலை அடக்க இயலாத அதிர்வடக்கியால் டயர் சாலையை விட்டு எழும். அவ்வேளையில் பிரேக்கோ திருப்புதலோ பயன்படாது.

பிக்கப் வண்டிக்கே உரிய சிக்கல் அதன் பின்புறச் சுமை. வெறும் வண்டியில் பின் சக்கரம் ஒன்றின் மேல் 350 கிலோகிராமும், சுமையேற்றியபின் 700 கிலோகிராமும் இருக்குமானால், அதே அதிர்வடக்கி தரும் அடக்க விகிதம் 0.35இலிருந்து 0.25 ஆகக் குறையும். இரு நிலைக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. அடிக்கடி சுமையேற்றுவோர்க்கு, கையால் திருகி மாற்றக்கூடியவை பயனுடையவை. ரேன்ச்சோ நிறுவனத்தின் ஆர்எஸ் 9000 வரிசையில் இவ்வாறு ஒன்பது நிலைகள் உள்ளன. வெறும் வண்டியாகவே ஓட்டுவோர்க்கு இச்செலவு தேவையில்லை.

குழல் அமைப்பு

இரட்டைக்குழல் அதிர்வடக்கியில் உட்குழலைச் சூழ்ந்து எண்ணெய் இருப்பாக ஒரு வெளிக்குழல் உண்டு. விலை குறைவு. வெளிக்குழல் கல்லடி பட்டு நசுங்கினாலும் உட்குழல் இயங்கும். மூடிய நீளமும் சற்றுக் குறைவாக அமையும். ஆனால் நீண்ட நேரம் கரடுமுரடான பாதையில் ஓடும்போது எண்ணெயும் வளிமமும் கலந்து நுரைத்து, அடக்குவிசை மங்கும். வெப்பமும் மெல்லவே வெளியேறும். பெரும்பாலானவற்றைத் தலைகீழாகப் பொருத்தவும் இயலாது.

ஒற்றைக்குழலில், மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் உயரழுத்த நைட்ரஜனையும் பிரிக்கிறது. நுரைத்தல் பெருமளவு தவிர்க்கப்படுகிறது. எண்ணெய் நேரடியாகக் குழற்சுவரைத் தொடுவதால் விரைவாகக் குளிரும். பில்ஸ்டைன் 5100 வரிசை 46 மிமீ பிஸ்டனுடன் இவ்வகையைச் சேர்ந்தது. இதன் குறை, சுவரில் ஆழமான நசுங்கல் ஏற்பட்டால் பிஸ்டன் அவ்விடத்திலேயே சிக்கிக்கொள்ளும். வளிம அறையை தனிக்கலமாக வெளியே எடுத்துவிட்ட வகையும் உண்டு. எண்ணெயின் அளவு கூடுவதுடன், அதே மூடிய நீளத்தில் அதிக வீச்சும் கிடைப்பதே அதன் மெய்யான நன்மை. வாரநாட்களில் வேலைக்கும் விடுமுறையில் மலைப்பாதைக்கும் செல்லும் பழைய வண்டிக்குத் தனிக்கலம் பெரும்பாலும் அலங்காரமே.

சாய்வும் இரட்டிப்பும்

அதிர்வடக்கி செங்குத்தாக நின்றால் அச்சின் அசைவு முழுதும் அதனை அடைகிறது. 30 பாகை சாய்ந்திருப்பின் அசைவில் 87 விழுக்காடே அடைகிறது; எதிர்விசையும் அதே அளவு குறைந்து திரும்புவதால் அச்சில் உணரப்படும் அடக்கம் 75 விழுக்காடாகிறது. 45 பாகையில் பாதி. உயர்த்தியபின் பொருத்துமுனைகள் விலகுவதால் சாய்வு பொதுவாகக் குறைந்து, அடக்கம் சற்றுக் கூடும். மாறாக, நீளம் போதாத அதிர்வடக்கியைப் பொருந்தவைக்கத் தாங்கியை உள்நோக்கி நகர்த்துவோர் தாம் விலைகொடுத்து வாங்கிய அடக்கத்தை இழக்கின்றனர்.

கமான் பட்டை வண்டிகள் பலவற்றில் பின் அதிர்வடக்கிகளுள் ஒன்று அச்சுக்கு முன்னும் மற்றது பின்னும் அமைந்திருக்கும். இது தவறான பொருத்தம் அன்று. வேகமெடுக்கும்போது அச்சு முறுகித் துள்ளுவதைக் குறைக்க அவ்வாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. இரண்டையும் ஒரே பக்கம் மாற்றுதல் கூடாது.

ஒரு சக்கரத்துக்கு இரண்டு அதிர்வடக்கிகள் பொருத்துவது ஒரு காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டது. ஃபோர்டு நிறுவனமும் தன் நான்கு சக்கர இயக்க வண்டிகள் சிலவற்றில் முன்புறம் நான்கு அதிர்வடக்கிகளை விருப்பத்தேர்வாக அளித்தது. ஆலையில் இவை ஒன்றுக்கொன்று இணைந்து செயற்படுமாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை. கடையில் வாங்கிய முழுவிசை அதிர்வடக்கிகள் இரண்டை அங்கே பொருத்தினால் அடக்கம் இருமடங்காகும். முன்புறம் கட்டைபோல் இறுகும். ஸ்டியரிங்கின் குறுக்கே கிடையாகப் பொருத்தப்படும் அதிர்வடக்கி வேறொரு பொருள். முன்சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் நடுங்கும் வண்டியில் அது தேய்ந்த மூட்டுகளை மறைக்குமேயன்றிச் சரிசெய்யாது.

பழமையால் வருபவை

நாற்பது ஆண்டு கடந்த வண்டியில், புதிய அதிர்வடக்கியின் விசையைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டியது அதன் தாங்கிகளையே. குளிர்காலத்தில் சாலைகளில் உப்பு தூவப்படும் வடகிழக்கு, மத்தியமேற்கு மாநிலங்களில் ஓடிய வண்டிகளில் பொருத்துபோல்ட்டுகள் துருவால் மெலிந்திருக்கும்; சட்டகத்தில் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்புகளும் காணப்படும். கம்பித் தூரிகையால் துருவை நீக்கிப் பார்த்தபின்னரே முடிவு செய்யலாம். கழற்றும்போது பழைய போல்ட் முறிவது வியப்புக்குரியதன்று. மாற்றுப் போல்ட்டை முன்கூட்டியே வாங்கிவைப்பது நல்லது.

வண்டியின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது எனப் பார்க்கும் பழைய சோதனை, விறைப்பான விற்கள் உள்ள உயர்த்தப்பட்ட வண்டியில் ஏறத்தாழப் பயனற்றது. கையால் அழுத்தும் விசைக்கு அவ்வில் அசைவதே அரிது. அதிர்வடக்கியைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்து, பலமுறை இழுத்து அழுத்திப் பார்ப்பதே நம்பத்தக்கது. இடையில் எதிர்ப்பு விட்டுப்போகும் வெற்றிடம் தெரிந்தாலோ, தண்டின் வழியே எண்ணெய் வடிந்தாலோ மாற்ற வேண்டும். ஓர் அச்சின் இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுவது முறை.

வளைய முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, சக்கரங்கள் தரையில் நின்று வண்டி தன் எடையில் இருக்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையில் இருந்து விரைவில் கிழியும்.

கவிழ்தலும் பிரேக்கும்

சக்கரங்களின் இடையகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துக் கிடைப்பது நிலைத்த உறுதிக்காரணி எனப்படும். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 மாதிரி ஆண்டு முதல் ஊர்திகளின் கவிழும் வாய்ப்பைத் தரப்படுத்த இதனைப் பயன்படுத்துகிறது. எண் குறையக் குறையக் கவிழும் வாய்ப்பு கூடும். இடையகலம் 1.65 மீட்டரும் ஈர்ப்பு மையம் 0.70 மீட்டரும் உள்ள வண்டிக்கு இது 1.18. நான்கு அங்குலம் உயர்த்தினால், அச்சுகள் தம் இடத்திலேயே இருப்பதால், ஈர்ப்பு மையம் 8 செமீ அளவில் உயர்ந்து எண் 1.06 ஆகும். 31 அங்குல டயரிலிருந்து 35 அங்குல டயருக்கு மாறினால் மேலும் 5 செமீ உயர்ந்து 0.99 ஆகும்.

இக்கணக்கில் அதிர்வடக்கி இடம்பெறவில்லை. ஆனால் இக்கணக்கு வண்டி அசையாது நிற்பதாகக் கொண்டது. தடையொன்றைத் தவிர்க்க ஓட்டுநர் ஒருபுறம் திருப்பி உடனே மறுபுறம் திருப்பும்போது, முதற் சாய்விலிருந்து மீளும் உடலின் வேகம் இரண்டாம் சாய்வுடன் சேர்கிறது. அவ்வேகத்தைக் குறைப்பதில் அதிர்வடக்கியின் அடக்குவிசைக்குப் பெரும்பங்கு உண்டு. இத்தகைய சாய்வில் பிஸ்டன் மெதுவாகவே நகர்வதால், குறைந்த வேகத்திலேயே போதிய விசை தரும் அதிர்வடக்கி உயர்த்தப்பட்ட வண்டிக்கு ஏற்றது. அத்தகையவை சிறு குழிகளில் சற்றுக் கடுமையாக இருக்கும் என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதே.

டொயோட்டா உள்ளிட்ட சில பிக்கப் வண்டிகளில், பின்புறச் சுமையை அச்சின் உயரத்தைக் கொண்டு அறிந்து பின் பிரேக்கின் விசையை மாற்றும் வால்வு உள்ளது. வண்டியை உயர்த்தியதும் இந்த வால்வு பின்புறம் வெறுமையாக இருப்பதாகக் கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதிர்வடக்கிகளை மாற்றும் அதே வேளையில் இந்த வால்வின் இணைப்புக் கம்பியையும் உயர்வுக்கேற்ப நீட்டிச் சரிசெய்ய வேண்டும்.